நான்கு லீற்றரும் ஒரு சிறிய மோட்டார் சைக்கிளும்

மன்னார் பெருநிலப்பரப்பில் வெளிக்கள உத்தியோகத்தராகக் கடமையாற்றும் ஒருவர் எந்தக் கிராமத்துக்குப் போகின்றார், எந்தக் கிராமத்தைத் தள்ளிப் போடுகின்றார் என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பது அவருடைய மோட்டார் சைக்கிளே. பஸ் வண்டி பிரதான வீதியோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் கிரவல் வீதி, வாய்க்கால் ஓரம், குளக்கட்டு, மணல். முப்பது வருடங்களுக்கு மேலாக இந்தப் பாதைகளில் ஓடியவன் என்ற முறையில், ஐம்பத்தாறாவது வயதில் எனது பெரிய சைக்கிளை விட்டு ஒரு சிறிய இந்தியச் சைக்கிளுக்கு மாறியபோது நான் கற்றுக்கொண்டவற்றை இங்கு எழுதுகின்றேன். இதே யோசனையில் இருக்கும் சக உத்தியோகத்தர்களுக்கும், பிள்ளைகளின் நெருக்குதலால் முதற் தடவையாக மோட்டார் சைக்கிள் வாங்க நினைக்கும் கமக்காரக் குடும்பங்களுக்கும் இதில் சில விடயங்கள் பயன்படலாம்.

என்னிடம் இருந்தது யமஹா டி.ரி. 125. தொண்டு நிறுவனங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தச் சைக்கிளை அறிமுகம் செய்யத் தேவையில்லை. உயர்ந்த இருக்கை, 21 அங்குல முன்சில்லு, ரயருக்கு மேலே எட்டத்தில் நிற்கும் மட்காட், கட்டைகட்டையான ரயர். மணலிலும் பள்ளத்திலும் அது போகாத இடம் இல்லை. இரண்டு அடி இயந்திரம் என்றபடியால் கையை முறுக்கியவுடன் பாயும். அதன் சத்தத்தைக் கேட்டே மாதர் சங்கத்தார் பாயை விரித்துவிடுவார்கள் என்று பகிடியாகச் சொல்வார்கள். ஆனால் அது பெற்றோலைக் குடித்தது. அதற்கு மேல் ரூ.ரி. ஓயிலும் ஊற்றவேண்டும். நான் அளந்து பார்த்தபோது லீற்றருக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் அது ஒருபோதும் ஓடியதில்லை.

பெற்றோல் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. 2021 டிசம்பர் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. 2022 ஜூன் இறுதியில் அதுவே 470 ரூபா. விலையைக் கூடத் தாங்கியிருக்கலாம், சாமான் கிடைக்கவேண்டுமே. வரிசையில் ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலையில் 'முடிஞ்சுது' என்ற அறிவித்தல். பிறகு தேசிய எரிபொருள் அட்டை முறை வந்தது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று வரையறுத்தார்கள்.

நான்கு லீற்றரை எனது டி.ரி. 125 இன் கணக்கில் போட்டால் 100 கிலோமீற்றர். எனது வாராந்தச் சுற்று ஏறக்குறைய 200 கிலோமீற்றர். முருங்கனில் இருந்து ஒரு நாள் நானாட்டான் பக்கம், ஒரு நாள் சிலாவத்துறைப் பக்கம், ஒரு நாள் அடம்பன் பக்கம், மற்றொரு நாள் மடு வீதியை அண்டிய கிராமங்கள். சரி பாதியை வெட்டவேண்டும். எதை வெட்டுவது? தூரத்தில் உள்ளவற்றையே வெட்டினேன். தூரத்தில் உள்ளவை எவை? மீளக்குடியேறிய, பஸ் இல்லாத, வேறு உத்தியோகத்தர் எவரும் எட்டிப் பார்க்காத கிராமங்கள். அப்படி ஒரு கிராமத்தில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நடத்திய சேமிப்புக் குழு ஒன்று இருந்தது. ஏழு வாரம் நான் போகவில்லை. எட்டாவது வாரம் போனபோது குழுவின் கணக்குப் புத்தகத்தில் ஐந்து பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. தலைவி கோபிக்கவில்லை. "சேர் வராதது பெற்றோலாலை எண்டு தெரியும். ஆனால் காசு எடுத்துத் தாங்கோ எண்டு அவையள் நிண்டால் நான் என்ன செய்யிறது?" என்று மாத்திரம் கேட்டார். அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே சைக்கிளை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

'யப்பான் சாமான்' என்ற பெருமை

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபடியால் அவ்வேளை புதுச் சைக்கிள் பற்றிப் பேச்சில்லை. பழைய சைக்கிள்கள், புதிதாக வாங்கிய விலையை விடக் கூடுதலாக விலைப்பட்டன. எனது நல்ல காலம், வெளிநாடு போகவிருந்த உறவுக்காரப் பையன் ஒருவன் தனது பஜாஜ் சீ.ரி. 100 ஐ நியாயமான விலைக்குத் தந்தான். இந்தியாவில் 2004 இல் சந்தைக்கு வந்த இனம் இது. 99 சீ.சீ. கொள்ளளவு, நான்கு அடி இயந்திரம், ஏறக்குறைய எட்டுக் குதிரைவலு, நான்கு கியர், காலால் உதைத்து இயக்குவது. முன்னும் பின்னும் 17 அங்குலச் சில்லு.

எனது தலைமுறையினருக்கு இந்தியச் சைக்கிள் என்றால் ஓர் இளக்காரம். நாங்கள் ஹொண்டா சீ 90 இலும் சீ.டி. 125 இலும் ஓடிப் பழகியவர்கள். பெற்றோலுக்குத் தடையிருந்த தொண்ணூறுகளில் துளி பெற்றோலால் இயக்கி, மண்ணெண்ணெயில் அந்தச் சைக்கிள்களை ஓடவைத்தவர்கள். அவை தாங்கின. ஆகவே 'யப்பான் சாமான்' என்பது எங்களுக்கு ஒரு நம்பிக்கை. 2002 இல் ஏ-9 பாதை திறந்த பின்னர் இந்தியச் சைக்கிள்கள் வந்து குவிந்தபோது, "இது இரண்டு மாரிக்குத் தாங்காது" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இருபது வருடங்களின் பின்னர் அதே சைக்கிள்களில் மீன்பெட்டியும் பசளை மூடையும் ஏற்றி ஓடுகின்றவர்களைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்லமுடியாது.

முதல் நாள் அதில் போய் இறங்கியபோது கமக்காரர் ஒருவர், "என்ன சேர், வேலையை விட்டிட்டியளோ?" என்று கேட்டார். உள்ளூரக் கொஞ்சம் சுட்டது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதே மனிதர் அரை மணித்தியாலம் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து, தன்னுடைய சீ.ரி. 100 இன் காபரேற்றரைப் பற்றி என்னோடு கதைத்தார். டி.ரி. 125 இல் போன காலத்தில் அவர் என்னோடு நெல்லைத் தவிர வேறெதுவும் கதைத்ததில்லை.

தேர்ச்சி பெற்ற காலே எதிரி

புதிதாகப் பழகுபவன் பயந்து ஓடுவான், ஆகையால் மெதுவாக ஓடுவான். அனுபவசாலிக்குத்தான் ஆபத்து அதிகம். எனது அனுபவத்தில் இதில் முதலிடம் பெறுவது கியர்.

டி.ரி. 125 இல் முதலாம் கியருக்குக் கீழே மிதிக்கவேண்டும், அதற்குப் பின்னர் உள்ளவற்றுக்குப் பெருவிரலால் மேலே தூக்கவேண்டும். எனக்கு வந்த சீ.ரி. 100 இல் நான்கு கியரும் முன்பக்கம் கீழே மிதித்தே விழும். குறைப்பதற்குக் குதிக்காலால் பின்பக்க மிதியை அழுத்தவேண்டும். சொல்வதற்கு இலகு. முப்பது வருடம் பழகிய கால் இதைக் கேட்காது. இரண்டாம் நாள், வேகம் பிடித்த பின்னர் பழக்கதோஷத்தில் பெருவிரலால் தூக்கினேன். கியர் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்து, பின்சில்லு ஒரு கணம் இழுபட்டது. தார் வீதி, காய்ந்திருந்தது, பிழைத்தேன். அதுவே கிரவலாக இருந்திருந்தால் நான் கீழே. மற்றொரு தடவை திருப்பத்தில் கியரைக் குறைக்க நினைத்து முன்னே மிதித்தேன். அது கூடிவிட்டது. இயந்திரம் இழுக்காமல் முக்க, பின்னால் வந்த உழவு இயந்திரக்காரர் என்னைத் திட்டினார்.

இதற்கு நான் கண்ட மருந்து வெட்கத்தை விடுவதுதான். பாடசாலை மைதானத்தில் மாலை நேரத்தில் ஒரு கிழமை, தினமும் அரை மணித்தியாலம், எட்டுப் போட்டுப் பழகினேன். "சேர் லைசன்ஸ் எடுக்கப் போறாரோ" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டு சைக்கிளையும் மாறி மாறி ஓடுவது கூடாது என்பதையும் அப்போது விளங்கிக்கொண்டேன். கால் குழம்பிவிடும். அந்த மாதமே டி.ரி. 125 ஐ விற்றேன்.

அடுத்தது முந்திச் செல்வது. மதவாச்சி-மன்னார் வீதியில் பஸ் வண்டியைக் கண்டால், பழைய சைக்கிளில் முன்னால் உள்ள வெளியைப் பார்த்தவுடன் கை தானாக முறுக்கும், வேலை முடிந்துவிடும். எட்டுக் குதிரைவலுவில் அந்த வெளி போதாது. கண் பழைய கணக்கைப் போடுகின்றது, இயந்திரம் புதிய கணக்கைக் கொடுக்கின்றது. எதிரே லொறி வர, பஸ்ஸின் பாதி நீளத்தில் நான் நின்ற அந்த இரண்டு மூன்று செக்கனை இப்போது நினைத்தாலும் கை வியர்க்கும். பிறேக் பிடித்துப் பின்னே விழுந்து தப்பினேன். அதன் பின்னர் பஸ்ஸை முந்துவதை நிறுத்திவிட்டேன். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது கடந்து செல்கின்றேன்.

தள்ளாடிச் சந்தியைக் கடந்து தாம்போதியில் ஏறும்போது சோளகக் காற்று பக்கவாட்டில் அடிக்கும். நிறையைப் பார்த்தால் இந்தச் சைக்கிளும் ஏறக்குறைய 110 கிலோதான், பழையதற்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. ஆனாலும் ஒடுக்கமான ரயரில் அந்தக் காற்று கூடுதலாகத் தெரிகின்றது. ஹாண்டிலை இறுக்கிப் பிடிப்பது பிழை. கையைத் தளர்த்தி, முழங்கால்களால் தாங்கியை அணைத்து, வேகத்தைக் குறைத்து ஓடுவதே சரி.

முருங்கன் களி

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும். ஏனெனில் இது எந்தக் கம்பனியின் கையேட்டிலும் இல்லை.

முருங்கன் பக்கத்து மண் கறுத்த களி. கோடையில் கை நுழையக்கூடிய அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழையில் பசையாகிவிடும். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் கொண்டுபோன களி இதுவே. நெல்லுக்கு மிக நல்ல மண், சில்லுக்கு மிகக் கெட்ட மண். டி.ரி. 125 இன் முன் மட்காட் ரயருக்கு மேலே எட்டத்தில் இருப்பதால் களி உருண்டு வந்தாலும் விழுந்துவிடும். சீ.ரி. 100 இல் மட்காட் ரயரோடு ஒட்டி நிற்கின்றது. பெரும்போக விதைப்புக் காலத்தில், கார்த்திகை மாதம், கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே உள்ள வயல் பாதையொன்றில் நூறு யார் தூரம் போயிருக்கமாட்டேன். ஹாண்டில் கனத்தது. சில்லு சுற்றுகின்றதா, வழுக்குகின்றதா என்று பார்க்கக் குனிவதற்குள் முன்சில்லு முற்றாக இறுகி நின்றுவிட்டது. மெதுவாக வந்தபடியால் காயமில்லை. சைக்கிள் களியில் படுத்தது, நானும் படுத்தேன். பையிலிருந்த குழுக் கடன் விண்ணப்பங்கள் எல்லாம் நனைந்துபோயின.

தூக்கிவிட வந்த முதியவர் ஒருவர், "தம்பி, இந்தப் பாதையாலை மழைக்கு மாட்டுவண்டிலும் வராது" என்றார். பிறகு ஒரு தடியை முறித்துத் தந்தார். மட்காட்டுக்குள் குத்திக் களியை எடுக்கையில், இந்தப் பக்கத்துப் பையன்கள் மாரி காலத்தில் முன் மட்காட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவார்கள் என்ற தகவலையும் சொன்னார். நான் கழற்றவில்லை. கழற்றினால் தார் வீதியில் சேற்றுத் தண்ணீர் முகத்தில் அடிக்கும், இயந்திரத்திலும் படும். அதற்குப் பதிலாக ஒரு அடி நீளமான இரும்புத் தகடு ஒன்றைக் கரியரில் கட்டி வைத்திருக்கின்றேன். மழை விட்டு ஒரு முழு வெயில் அடிக்கும்வரை களிப் பாதையில் இறங்குவதில்லை. கிரவல் வீதி முடியும் இடத்தில், தெரிந்த வீட்டு முற்றத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடக்கின்றேன். நடந்து போனால் பாதை ஓரத்து வீடுகளில் ஆட்கள் மறித்துக் கதைப்பார்கள். இதனால் கூட்டம் பிந்துகின்றது என்று முறைப்பாடும் உண்டு.

மணலில் வேறு விதம். சிலாவத்துறை, அரிப்புப் பக்கத்து மணலில் இந்த ஒடுக்கமான ரயர் புதையும். எழுந்து நின்று ஓடும் பழக்கம் இங்கே உதவாது. முதலாம் கியரில் இருந்து, இரண்டு காலையும் தரையை அண்டி வைத்து, முன் பிறேக்கைத் தொடாமல் ஊரவேண்டும். இருக்கை பணிவாக இருப்பதால் கால் நன்றாக எட்டுகின்றது. இந்த வயதில் இது எனக்குப் பெரிய உதவி.

ஓயிலும் பிறேக்கும்

இரண்டு அடி இயந்திரக்காரர் நான்கு அடிக்கு மாறும்போது செய்யும் தவறு ஒன்று உண்டு. ரூ.ரி. ஓயில் முடிந்தால் ஊற்றுவதே அவருக்குத் தெரிந்த பராமரிப்பு. இங்கே ஒரே ஓயில் இயந்திரத்தையும் கியரையும் கிளட்சையும் நனைக்கின்றது. குறைந்தால் இயந்திரம் சுட்டு இறுகும். கார் ஓயிலை ஊற்றினால் சிலவற்றில் கிளட்ச் வழுக்கும். மோட்டார் சைக்கிளுக்கான 20 டபிள்யூ 50 ஓயிலையே கேட்டு வாங்குங்கள். கிழமைக்கு ஒரு தடவை அளவைப் பாருங்கள். புழுதியில் ஓடுகின்றவர்கள் கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்னரே மாற்றுவது நல்லது. காற்று வடியையும் அப்படியே. கழித்த ஓயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் போத்தலில் கராஜுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிறேக் இரண்டும் சிறிய டிரம். ஓர் ஆளுக்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால் எங்கள் கிராமங்களில் ஓர் ஆள் எங்கே போகின்றார்? கணவன், மனைவி, நடுவில் பிள்ளை, கரியரில் யூரியா மூடை. அந்தப் பாரத்தில் பிறேக் பிடித்து நிற்கும் தூரம் எவ்வளவு கூடுகின்றது என்பதை ஓடிப் பார்த்தவர்களே அறிவர். முன் பிறேக்கைப் பிடித்தால் கவிழும் என்ற பயத்தில் பலர் அதைக் கழற்றாத குறையாக வைத்திருக்கின்றார்கள். தார் வீதியில் நிற்பாட்டும் வேலையின் பெரும் பகுதியைச் செய்வது முன் பிறேக்தான். சடாரென்று நெரிக்காமல், பின் பிறேக்கோடு சேர்த்துப் படிப்படியாக அழுத்தவேண்டும்.

விலையும் வட்டியும்

திருத்த வேலையைப் பொறுத்தவரையில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. டி.ரி. 125 க்கு ஒரு பாகம் தேவைப்பட்டால் கொழும்புக்குச் சொல்லிவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தேன். இதற்கு முருங்கனிலேயே கிடைக்கும். கிளட்ச் கம்பி அறுந்த அன்று சைக்கிள் திருத்தும் பையன் இருபது நிமிடத்தில் மாற்றித் தந்தான். "இது கஷ்டமில்லை ஐயா, கண்ணை மூடிக்கொண்டும் கழட்டுவன்" என்றான்.

ஆனால் மலிவான சைக்கிள் என்று எல்லோரும் சொல்லும்போது ஒரு விடயத்தை விட்டுவிடுகின்றார்கள். நான் கைக்காசுக்கு வாங்கினேன். எங்கள் கிராமங்களில் பெரும்பாலானோர் லீசிங்கில் வாங்குகின்றார்கள். ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஓர் இலட்சம் ரூபா கடன், வருடத்துக்கு 15 வீத வட்டி, மூன்று வருடம் என்று சொல்லப்படுகின்றது. வட்டி 45,000. மொத்தம் 145,000. மாதத் தவணை ஏறக்குறைய 4,028 ரூபா. 15 வீதம் என்பது பெரிதாகத் தோன்றாது. ஆனால் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டு போகின்றது, வட்டியோ கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கும் அறவிடப்படுகின்றது. குறைந்துசெல்லும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 26 வீதம். எனவே கையொப்பம் வைப்பதற்கு முன்னர் 'வட்டி எத்தனை வீதம்' என்று மாத்திரம் கேட்காமல், 'எல்லாமாக எவ்வளவு கட்டி முடிக்கவேண்டும், இடையில் தவறினால் என்ன அறவிடுவீர்கள்' என்று எழுத்தில் கேளுங்கள்.

நெல் விற்ற காசு வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வருகின்றது. தவணை மாதாமாதம் வருகின்றது. நான் அறிந்த குடும்பமொன்றில் மகனுக்காக எடுத்த சைக்கிளுக்குப் பத்தொன்பது தவணை கட்டியிருந்தார்கள். அந்தப் போகம் வெள்ளத்தில் போனது. மூன்று தவணை நின்றவுடன் சைக்கிளை எடுத்துப் போய்விட்டார்கள். பையன் அதில் ஏறித்தான் மன்னாருக்கு வேலைக்குப் போய் வந்தவன். சைக்கிள் போக, வேலையும் போனது. தவணையை அறுவடையோடு பொருந்தும்படி போகத்துக்கு ஒரு தடவை கட்டுவதற்கு, கிராம மட்டச் சேமிப்புக் குழுக்கள் தமது அங்கத்தவருக்கு ஏன் கடன் கொடுக்கக்கூடாது என்று சில கூட்டங்களில் கேட்டிருக்கின்றேன். இரண்டு குழுக்கள் பழைய சைக்கிள் வாங்குவதற்கு அப்படிக் கொடுத்துப் பார்க்கின்றன. ஒன்றில் ஒருவர் இன்னும் கட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இறக்குமதித் தடை 2025 இல் நீங்கிய பின்னர் புதுச் சைக்கிள்கள் மீண்டும் காட்சியறைகளுக்கு வந்துள்ளன. அவற்றுக்கு முன்னால் நின்று படம் பிடிக்கும் பையன்களையும் காண்கின்றேன். எரிபொருள் அட்டை முறை 2023 செப்டெம்பர் முதலாந் திகதியோடு கைவிடப்பட்டுவிட்டது. விரும்பினால் நான் மறுபடியும் ஒரு பெரிய சைக்கிளுக்குப் போகலாம். "இஞ்சாருங்கோ, இதை மட்டும் வித்துப்போடாதேங்கோ" என்று மனைவி சொல்லிவிட்டா. பழைய சைக்கிளின் உயரத்துக்கு அவவால் ஏறமுடியாது. மாதாந்தம் மன்னார் ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போக பஸ்ஸுக்கு விடியமுன் எழும்பவேண்டியிருந்தது. இப்போது தேநீர் குடித்துவிட்டு ஆறுதலாகப் புறப்படுகின்றோம்.

நான்கு லீற்றரில் இது எவ்வளவு ஓடியது என்று பலர் கேட்டிருக்கின்றார்கள். தாங்கியை விளிம்பு வரை நிரப்பி, ஓடி, மறுபடியும் விளிம்பு வரை நிரப்பி, மூன்று தடவை அளந்து பார்த்தேன். லீற்றருக்கு 58, 62, 60. சைக்கிளை மாற்றியது தொடக்கம் சுற்று முழுவதையும் ஓடி முடித்து, சனிக்கிழமை மாலையில் தாங்கியில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பன்னிரண்டு பெண்களின் குழுவில் வெட்டப்பட்ட ஐந்து பெயர்களில் மூன்று மறுபடியும் எழுதப்பட்டுள்ளன. மற்ற இருவரில் ஒருவர் வவுனியாவுக்குப் போய்விட்டார். மற்றவரின் வீடு களிப் பாதையின் முடிவில் இருக்கின்றது. மழை விட்டதும் நடந்து போய்ப் பார்க்கவேண்டும்.